ஹொட் டோக் சில்லி சோஸ்: எங்கே பிழைத்தது, எப்படித் திருத்துவது

திருகோணமலை உப்புவெளியில், எங்கள் வீட்டு வாசலில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பின்னேரங்களில் ஹொட் டோக் போடுகிறோம். நிலாவெளிக் கடற்கரைக்குப் போகும் வெளிநாட்டவர்கள் வாங்குகிறார்கள். அவர்களைவிட, ரியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள்தான் அதிகம் வாங்குகிறார்கள். மேலே ஊற்றும் சோஸை வீட்டிலேயே காய்ச்சுகிறோம். அதனால் அயலில் யாராவது பிள்ளையின் பிறந்தநாளுக்குச் செய்து பார்த்துப் பிழைத்துப்போனால், சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் குசினிக்கு வந்துவிடுகிறார்கள். வரும் சட்டிகளில் பெரும்பாலும் அதே பிழைகள்தான். அவற்றை ஒவ்வொன்றாக, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியும் குறியை வைத்து இங்கே எழுதுகிறேன். உங்கள் சட்டியில் தெரியும் குறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

இந்தச் சோஸ் போத்தலில் விற்கும் சிவப்புச் சோஸ் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கத்திலிருந்தும் மசிடோனியாவிலிருந்தும் போய்க் குடியேறியவர்கள் கடை போட்டுப் பரப்பிய இறைச்சிச் சோஸ் இது. அங்கே அந்த ஹொட் டோக்கைக் கோனி என்கிறார்கள். அதில் அவரை போடுவதில்லை. இறைச்சி மணல்போல் பொடியாக இருக்கவேண்டும். டெட்ராய்ட் நகரில் சற்று இளக்கமாகவும், பக்கத்து ஃபிளின்ட் நகரில் ஏறக்குறைய வறண்டும் செய்கிறார்கள். நம் ஊர்ப் பணிஸ் மெதுமெதுப்பானது. அதற்கு இரண்டுக்கும் நடுவான பதம் பொருந்துகிறது.

நான் பிடிக்கும் அளவு இது. பிழையைத் தேடும்போது இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்திய இறைச்சி 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 500 மில்லிலீற்றர், மிகப் பொடியாக நறுக்கிய பம்பாய் வெங்காயம் ஒன்று, உள்ளி மூன்று பல், தக்காளி பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த சின்னச் சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, தனி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கடைசியில் ஒரு தேக்கரண்டி வினாகிரி. இது 12 ஹொட் டோக்குக்குப் போதும். கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் மாட்டிறைச்சியில் செய்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பலர் கோழியில் செய்கிறார்கள். மரக்கறிக்காரர்களுக்கு சோயா மீட் இருக்கிறது. பிழைகள் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

சட்டியை யார் கொண்டுவந்தாலும் முதலில் ஒரு பீங்கான் தட்டை எடுப்பேன். ஒரு கரண்டி சோஸை அதில் வைத்து, கரண்டியின் நுனியால் நடுவே ஒரு கோடு இழுப்பேன். கோடு அப்படியே நின்றால் பதம் சரி. இரு பக்கமும் சிவந்த தண்ணீர் கசிந்து கோட்டை நிரப்பினால் தண்ணீர் பிழை. கோட்டின் ஓரத்தில் உருண்டைகள் தடுத்தால் இறைச்சிப் பிழை. சுவை பார்ப்பதைக் கரண்டியில் செய்யாதீர்கள். ஒரு துண்டுப் பணிஸில், ஒரு துண்டு சொசேஜோடு வைத்துத்தான் பார்க்கவேண்டும். கரண்டியில் உறைப்பாகத் தெரிவது பணிஸில் அளவாக இருக்கும். கரண்டியில் உப்பு மட்டாக இருப்பது சொசேஜோடு சேர்ந்தால் கரிக்கும்.

குறி: சோஸ் தண்ணீராக ஓடுகிறது

என்னிடம் வரும் சட்டிகளில் இதுதான் அதிகம்.

முதலில் கேட்கவேண்டியது, எவ்வளவு நேரம் காய்ந்தது என்பதை. 20 நிமிடத்தில் இறக்கிவிட்டால் இது நிச்சயம் தண்ணீராகத்தான் இருக்கும். 500 கிராமுக்குக் குறைந்தது 45 நிமிடம் தேவை, சிலவேளை ஒரு மணித்தியாலமும் பிடிக்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டில் கோடு இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான சட்டிகளுக்கு இதுவே போதும்.

மூடி போட்டுக் காய்ச்சினீர்களா? மூடியில் பட்ட ஆவி திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். மூடியை எடுத்துவிடுங்கள். தெறிக்கிறது என்றால் மூடியைச் சரித்து வையுங்கள். வாய் ஒடுங்கிய ஆழமான பானையில் தண்ணீர் வற்ற நெடுநேரம் எடுக்கும். அகன்ற தாச்சிக்கு மாற்றினால் பாதி நேரத்தில் வற்றிவிடும்.

நேரமும் மூடியும் சரியென்றால் தண்ணீர் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. உறைந்த கோழி இறைச்சியைச் சரியாக இளக விடாமல் போட்டிருந்தால் அதற்குள் இருந்த பனி முழுவதும் சோஸில் இறங்கும். சோயா மீட் என்றால் ஊறவைத்துப் பிழிந்தது போதாமல் இருக்கும். சோயாவைச் சுடுநீரில் ஊறவைத்து, கையில் அள்ளிப் பிழிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொரு தடவையும் அப்படியே செய்யுங்கள். பிழிந்தபின் உள்ளங்கையில் அழுத்தினால் ஒரு துளியும் வரக்கூடாது. இரண்டாம் தடவையில் அதன் பச்சை மணமும் போய்விடும். தக்காளி பேஸ்டுக்குப் பதில் நாட்டுத் தக்காளி போட்டிருந்தால் அதுவும் காரணம். அடுத்த முறை தக்காளியைத் தனியாக வதக்கி, எண்ணெய் பிரிந்து வரும்வரை வற்றவைத்துச் சேருங்கள்.

ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், வற்றவைக்க நேரமில்லை என்றால், கிறீம் கிறாக்கர் பிஸ்கட் இரண்டைப் பொடித்துத் தூவிக் கிளறி ஐந்து நிமிடம் விடுங்கள். அளவான இறுக்கம் வரும், சுவையும் கெடாது. பிஸ்கட்டில் உப்பு இருப்பதால் மேலதிகமாக உப்புப் போடவேண்டாம். சோள மாவு கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சோஸுக்கு ஒரு கண்ணாடி மினுக்கத்தைக் கொடுக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

சோள மாவு போட்டு இறுகியது, பிறகு திரும்ப இளகிவிட்டது என்று சிலர் வருகிறார்கள். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் சோள மாவின் பிடி விட்டுப்போகும். மாவைக் கடைசி இரண்டு நிமிடத்தில் போடுங்கள், வினாகிரியை இறக்கியபின் சேருங்கள்.

இவ்வளவும் செய்தும் வற்றவில்லை என்றால் அடுப்பைப் பாருங்கள். சுவாலை நீலமாக, நிமிர்ந்து நிற்கிறதா? மஞ்சளாகச் சாய்ந்து, சட்டியின் அடியில் கரி பிடித்தால் பேணரில் அடைப்பு இருக்கிறது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்றில் துரு பிடித்துத் துவாரங்கள் அடைபடுவது வழமை. சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பேணரின் தலையைக் கழற்றிப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். அதற்குப் பிறகும் சுவாலை மஞ்சள் என்றால், அல்லது எங்காவது காஸ் மணத்தால், நீங்கள் கைவைக்கும் வேலை அத்தோடு முடிந்தது. சிலிண்டரை மூடி, யன்னல்களைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல், காஸ் அடுப்புத் திருத்துபவரை அழையுங்கள். உள்ளே இருக்கும் ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துவாரம் பெருத்தால் காஸ் அளவுக்கு மிஞ்சி வரும்.

குறி: இறைச்சி கட்டி கட்டியாக நிற்கிறது

காரணம் எப்போதும் ஒன்றுதான். சூடான எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, அதன்மேல் இறைச்சியைக் கொட்டியிருக்கிறீர்கள். நம் கை கறிக்குப் பழகிய கை, அது அப்படித்தான் செய்யும். சூடு பட்டவுடன் இறைச்சி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. அதன்பிறகு அகப்பையால் எவ்வளவு குத்தினாலும் உருண்டை சின்ன உருண்டையாகுமே தவிரப் பொடியாகாது.

முறை நேர் எதிரானது. அடுப்பை மூட்டுவதற்கு முன், பச்சை இறைச்சியைச் சட்டியில் போட்டு, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, கையை விட்டுப் பிசையுங்கள். முதலில் அது கையில் களிபோல ஒட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறி, இறைச்சி விரலிடுக்கில் நூல் நூலாகப் பிரிந்து மிதக்கத் தொடங்கும். சட்டியின் அடியைத் தடவினால் ஒரு கட்டியும் தட்டுப்படக்கூடாது. அப்போதுதான் அடுப்பை மூட்டவேண்டும். மூட்டியபின் கொதி வரும்வரை அகப்பையை நிறுத்தாதீர்கள். முதல் பத்து நிமிடம்தான் இந்தச் சோஸின் தலைவிதியை எழுதுகிறது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மற்றச் சாமான்களைத் தொடுங்கள். பச்சைக் கோழி பிசைந்த கையோடு பணிஸ் பையைத் திறக்கவேண்டாம்.

கட்டி ஏற்கெனவே விழுந்துவிட்டதா? உருளைக்கிழங்கு மசிக்கும் மத்து இருந்தால் சட்டிக்குள்ளேயே அழுத்தி மசியுங்கள். அது போதவில்லை என்றால் ஆறவிட்டு, பாதியைப் பிளெண்டரில் இரண்டே இரண்டு சுற்றுச் சுற்றி மற்றப் பாதியோடு கலவுங்கள். முழுவதையும் அரைத்தால் கூழாகி, குழந்தைச் சாப்பாடு போல வந்துவிடும். இறைச்சிக் கடையில் வாங்கும்போதே இரண்டு தடவை அரைத்துத் தரும்படி கேட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

குறி: நாக்கு எரிகிறது

அமெரிக்கச் செய்முறையைப் பார்த்துச் செய்தவர்கள் எல்லாரும் விழும் குழி இது. அங்கே சில்லி பவுடர் என்பது தனி மிளகாய் அல்ல. உறைப்புக் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒறிகானோ, உள்ளித்தூள் எல்லாம் கலந்த ஒரு கூட்டு. அதில் இரண்டு மேசைக்கரண்டி போடச் சொன்னால் அவர்களுக்கு அது சரி. நாம் அதே இரண்டு மேசைக்கரண்டியை நம் செத்தல் மிளகாய்த் தூளில் போட்டால், யாழ்ப்பாணத்துக் கூழ் குடித்துப் பழகியவருக்கும் கண்ணில் நீர் வரும். சென்ற வருடம் அயல் வீட்டுத் தம்பி ஒருவர் கொண்டுவந்த சட்டியைத் திறந்தபோது, ஆவி பட்டே இருமல் வந்தது. அளவைக் கேட்டேன். செய்முறையில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியிருந்தார். அவர்மேல் பிழையில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

செய்முறை ஒரு மேசைக்கரண்டி சில்லி பவுடர் கேட்டால், நான் போடுவது அரைத் தேக்கரண்டி தனி மிளகாய்த்தூள், முக்கால் தேக்கரண்டி சீரகத்தூள், ஒரு பல் உள்ளி. ஒறிகானோ கிடைத்தால் ஒரு சிட்டிகை, கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். நிறம் போதவில்லை என்றால் மிளகாய்த்தூளைக் கூட்டாதீர்கள். நான்கைந்து செத்தல் மிளகாயைக் கீறி, விதையையும் உள்ளே ஓடும் வெளிர் நரம்பையும் நீக்கி, சுடுநீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். உறைப்பின் பெரும்பங்கு அந்த நரம்பில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நல்ல சிவப்பு மட்டும் எஞ்சும்.

எரியும் சட்டியைக் காப்பாற்ற முதலில் பணிஸில் வைத்துச் சுவை பாருங்கள். பாதி முறை அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும். அப்போதும் எரிந்தால் ஒரு மேசைக்கரண்டி பட்டர் கலவுங்கள். உறைப்பு கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே தண்ணீர் ஊற்றினால் உறைப்பும் போகாது, பதமும் கெடும். பட்டரும் போதவில்லை என்றால் இன்னொரு 500 கிராம் இறைச்சியை மிளகாயே போடாமல் தனிச் சட்டியில் காய்ச்சி இரண்டையும் கலவுங்கள். செலவுதான், ஆனாலும் நிச்சயமான வழி அதுவே. மிஞ்சுவதைப் பங்கிட்டு உறையவைக்கலாம். பரிமாறும்போது ஹொட் டோக்கின்மேல் ஒரு கரண்டி சட்டித் தயிர் வைப்பதும் நன்றாக இருக்கிறது. தயிரைச் சட்டிக்குள் ஊற்றிக் கொதிக்கவிடாதீர்கள், திரைந்துவிடும்.

சீனி அள்ளிப் போட்டு உறைப்பை மறைக்கப் பார்க்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உறைப்பும் இருக்கும், இனிப்பும் சேரும். அந்தச் சட்டியை என்னாலும் திருத்த முடிந்ததில்லை.

குறி: கறி மணக்கிறது

கறித்தூள் போட்டீர்களா? அதுதான். வறுத்த கறித்தூளில் மல்லியும் பெருஞ்சீரகமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மூக்கு உடனே சோற்றைத் தேடும். கறித்தூள் போடவில்லை, ஆனாலும் மணக்கிறது என்றால் சீரகப் போத்தலைத் திறந்து பாருங்கள். சின்னச் சீரகத்துக்குப் பதில் பெருஞ்சீரகம் விழுந்திருக்கும். பச்சை சாய்ந்த பருத்த விதை, வாயில் போட்டால் இனிக்கும். கறிவேப்பிலை, றம்பை, தேங்காய்ப்பால் மூன்றையும் இந்தச் சட்டிக்குக் கிட்டவே கொண்டுவரவேண்டாம். கறுவா மட்டும் விலக்கு: அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துச் சில்லியில் கறுவா போடுகிறார்கள், ஒரு சிட்டிகை போட்டால் கெடாது.

இந்தப் பிழைக்குத் திருத்தம் இல்லை. கறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, றொட்டியோடு இரவுச் சாப்பாடாக்கிவிட்டு, சோஸை மறுபடி புதிதாகத் தொடங்குங்கள்.

குறி: கசக்கிறது

அகப்பையால் சட்டியின் அடியைத் தொட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை அப்படியே மெதுவாக வேறு சட்டிக்கு ஊற்றி, பிறகு சுவை பாருங்கள். அடிப்பிடித்த மணம் மேலே ஏறாவிட்டால் தப்பித்தீர்கள். ஏறியிருந்தால் எதைப் போட்டாலும் போகாது, கொட்டிவிடுங்கள்.

அடி சுத்தமாக இருந்தும் கசந்தால் மிளகாய்த்தூளையோ உள்ளியையோ சூடான எண்ணெயில் கருகவிட்டிருக்கிறீர்கள். தூள் கருக சில விநாடிகள் போதும். தண்ணீர் முறையில் செய்தால் இந்தப் பிழை வரவே வராது. தூளை நேரே கொதிக்கும் சோஸில் போடுகிறோம், எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. இலேசான கசப்பென்றால் ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்டும் அரைத் தேக்கரண்டி சீனியும் மூடிக்கொள்ளும். சீனிக்கு நான் இடம் கொடுப்பது இங்கே மட்டும்தான்.

கசப்பில்லாமல், நாக்கில் நாணயம் வைத்தது போன்ற ஒரு சுவை தெரிந்தால் சட்டிதான் காரணம். அலுமினியத் தாச்சியில் தக்காளியும் வினாகிரியும் நெடுநேரம் கிடந்தால் இந்தச் சுவை இறங்கும். எவர்சில்வருக்கோ மண்சட்டிக்கோ மாறுங்கள்.

குறி: உப்புக் கரிக்கிறது

அளவாகத்தான் போட்டேன் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மையும் அதுதான். தொடக்கத்தில் போட்ட உப்பு அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் வற்றிவிட்டது. ஆகவே உப்பைக் கடைசியில் போடுங்கள். சூப் கட்டி போட்டிருந்தால் அதன் உப்பையும் கணக்கில் எடுங்கள்.

அதையும் தாண்டி ஒரு காரணம் எங்கள் பக்கத்துக்கே உரியது. உப்புவெளி என்ற பெயரே சொல்கிறது. கடலுக்குக் கிட்டிய வளவுகளில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிணற்றுத் தண்ணீர் சவர் ஏறிவிடுகிறது. குடிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. அரை லீற்றர் தண்ணீரை ஊற்றி வற்றவைக்கும்போது, தண்ணீர் போய் உப்பு தங்கிவிடும். சோதிப்பது இலகு: ஒரு கோப்பைக் கிணற்றுத் தண்ணீரை உப்பே போடாமல் கால் கோப்பையாக வற்றவைத்து, ஆறியபின் நாக்கில் வையுங்கள். கரித்தால் சோஸுக்குக் குழாய்த் தண்ணீரையே எடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பருவம் முழுவதும் நாங்கள் உப்புக் கரண்டியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம், காரணம் கிணற்றில் இருந்தது.

கரிக்கும் சட்டிக்கு உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். அது சோஸைத்தான் உறிஞ்சும், உப்பைத் தனியாகப் பிரித்து எடுக்காது. உப்பில்லாத இறைச்சியை வேகவைத்துக் கலப்பதே வழி. கொஞ்சமாகக் கரித்தால் மேலே பச்சை வெங்காயத்தைக் கூடுதலாகத் தூவினாலே சமாளித்துவிடலாம்.

குறி: இனிக்கிறது, அல்லது எண்ணெய் மிதக்கிறது

இனிப்புக்குக் காரணம் தக்காளி பேஸ்டுக்குப் பதில் போத்தல் தக்காளிச் சோஸ் ஊற்றியது. அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாக வினாகிரி விட்டுச் சரிசெய்யுங்கள். எண்ணெய் மிதந்தால் இறைச்சியில் கொழுப்போ கோழித் தோலோ கூடிவிட்டது. குளிரவைத்தால் மேலே கட்டியாக உறையும், கரண்டியால் அள்ளிவிடலாம். முழுவதையும் அள்ளாமல் ஒரு மெல்லிய படலத்தை விட்டுவையுங்கள், அந்த மினுக்கம் இல்லாவிட்டால் சோஸ் மரத்தூள்போல வாயில் உலரும்.

குறி: பணிஸ் ஊறிப் பிய்ந்து, கையில் வழிகிறது

தட்டில் கோடு நிற்கிறது, ஆனாலும் பணிஸ் பிய்கிறது என்றால் சோஸில் பிழை இல்லை. சொசேஜைத் தண்ணீரில் அவித்து அப்படியே வைத்திருப்பீர்கள். துணியில் ஒற்றி, அல்லது கல்லில் ஒரு நிமிடம் உருட்டி ஈரத்தைப் போக்குங்கள். பணிஸின் உட்பக்கத்தில் பட்டர் தடவி வாட்டுங்கள், சோஸ் இறங்காமல் அது தடுக்கும். ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றவேண்டாம். ஊற்றிவிட்டுப் பொதி கட்டாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குச் சோஸைத் தனியாகக் கட்டிக் கொடுக்கிறோம்.

பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பேக்கரி ஓட்டோவில் வாங்கும் பணிஸ் சிலவேளை இனிப்பாக இருக்கும். அப்போது சோஸும் இனிப்பதாகத் தோன்றும். சோஸைத் தொடுவதற்கு முன் வெறும் பணிஸை ஒரு கடி கடித்துப் பாருங்கள்.

குறி: மறுநாள் மணம் மாறியிருக்கிறது, புளிக்கிறது, நுரைக்கிறது

இதற்கு ஒரே பதில், கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்துப் பார்க்கலாமா என்று கேட்கவேண்டாம். இறைச்சிக் குழம்பில் வளரும் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் போகாது. சுவை பார்த்து உறுதிசெய்யவும் வேண்டாம். கெட்டது எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் இனிச் செய்யவேண்டிய வேலை, அடுத்த சட்டிக்காக.

முதல் சந்தேகம், ஆறவைத்த முறை. சமைத்த இறைச்சியை இரண்டு மணித்தியாலத்துக்குள் 21 பாகைக்கும், அடுத்த நான்கு மணித்தியாலத்துக்குள் 5 பாகைக்கும் இறக்கவேண்டும். இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் மாதப் பின்னேரத்தில் குசினியே 30 பாகைக்கு மேல். மேசையில் வைத்த சட்டி எத்தனை மணித்தியாலம் போனாலும் 21க்கு இறங்காது. விடிய விடிய ஆறட்டும் என்று மூடிவைப்பது கிருமிக்குப் பாய் விரிப்பதுபோல. சோஸை அகன்ற தட்டங்களில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீரில் அந்தத் தட்டங்களை வைத்துக் கிளறுங்கள். அரை மணித்தியாலத்தில் தட்டத்தின் அடி கைக்குக் குளிரும். பிறகு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இரண்டாவது, நாட்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே சிறு சிறு பங்காக உறையவைத்துவிடுங்கள், இரண்டு மூன்று மாதம் நிற்கும். எடுத்ததைத் தளதளவென்று கொதிக்கவைத்தே பரிமாறவேண்டும். சூடாக்கி மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். விற்கும் நேரத்தில் சட்டி 60 பாகைக்குக் கீழே போகக்கூடாது. மெல்லிய தீயில் ஆவி எழுந்துகொண்டே இருக்கவேண்டும்.

மூன்றாவது, மின்வெட்டு. 2022இல் நாட்டில் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது இந்தப் பாடத்தைப் பல சட்டிகளைக் கொட்டித்தான் படித்தோம். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் தாங்கும். அதற்குமேல் போனால் இறைச்சிச் சோஸை நம்பவேண்டாம்.

நான்காவது, குளிர்சாதனப் பெட்டியே. ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியை வைத்து இரவு முழுவதும் உள்ளே விடுங்கள். காலையில் 5 பாகைக்கு மேல் காட்டினால், முதலில் குமிழைக் கூட்டிப் பாருங்கள். பிறகு கதவின் றப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றவேண்டும். பின்பக்கக் கம்பிகளில் தூசு அடைந்திருந்தால் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் துடையுங்கள். மூன்றும் செய்தபின், இயந்திரம் ஓயாமல் ஓடியும் குளிரவில்லை என்றால் திருத்துநரை அழையுங்கள். வாயுக் கசிவோ கொம்பிரசர் கோளாறோ இருக்கும், அது வீட்டில் திருத்தும் வேலையல்ல. அவர் வந்து முடிக்கும்வரை சோஸை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள்.

கெட்ட சோஸ் ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டால், வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்துக் கவனியுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எதையும் குடிக்க முடியாத வாந்தி, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

குறி: போத்தலில் அடைத்த சோஸின் மூடி உப்பியிருக்கிறது

திறக்காதீர்கள், மணந்து பார்க்காதீர்கள். போத்தலோடு பையில் கட்டி, பிள்ளைகளும் நாயும் எட்டாத இடத்தில் எறியுங்கள். ஊறுகாய் போத்தலில் நிற்கிறதே என்று கேட்பார்கள். ஊறுகாயில் புளிப்பும் உப்பும் காவல் நிற்கின்றன. இந்த இறைச்சிச் சோஸில் போடும் ஒரு கரண்டி வினாகிரி சுவைக்கு மட்டுமே, காவலுக்குப் போதாது. சாதாரணப் பானையில் போத்தலை எவ்வளவு அவித்தாலும், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து அதற்குள் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட போத்தலிலிருந்து யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, பார்வை இரட்டையாகத் தெரிந்தால், இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

வீட்டுச் சோஸை வாசலில் சூடாக விற்பதென்றால் முதலில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். எங்கள் குசினிக்கு வந்தவர் கை கழுவும் இடத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்த்துச் சொன்ன திருத்தங்களால், அதற்குப் பிறகு நாங்கள் கொட்டிய சட்டிகள் குறைந்தன. போத்தலில் அடைத்துக் கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், உணவைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் மாதிரியைக் கொடுத்து, முறையை அவர்கள் உறுதிப்படுத்தியபின் முதல் போத்தலை வாங்குங்கள். அதுவரை உறையவைத்தே கொடுங்கள்.